வாகைகுளம் முதல் பாபநாசம் வரை: ஒரு விமான விளையாட்டுக்கு நிலம் அமைத்த பதிவு

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைகுளத்தில் ஓடுபாதையை விட்டு எழும்பி, மேற்கே திரும்பி, தாமிரபரணியைப் பிடித்துக்கொண்டு பாபநாசம் போய்ச் சேர வேண்டும். வரைபடம் கிடையாது, ஜி.பி.எஸ். கிடையாது. கண்ணுக்குத் தெரிகிற நிலத்தை வைத்தே வழி கண்டுபிடிக்க வேண்டும். வேலை முடிந்த மாலை நேரங்களில் நான் எழுதிவரும் கணினி விளையாட்டு இவ்வளவுதான். எதிரி இல்லை, துப்பாக்கி இல்லை, புள்ளிக் கணக்கும் இல்லை. ஆனால், இந்த ஒரு பயணம் சுவைக்க வேண்டுமென்றால், கீழே விரிந்திருப்பது திருநெல்வேலிச் சீமைதான் என்று பார்த்தவுடனே தெரிய வேண்டும். அந்த நிலத்தை அமைத்த கதையை இங்கே எழுதுகிறேன். விமானம் சார்ந்த விளையாட்டு எழுத விரும்பும் வேறு யாருக்காவது உதவினால் மகிழ்ச்சி.

ஊரை மாதிரியாகச் செய்வதென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது நெல்லையப்பர் கோயில் கோபுரம்தான். 3,000 அடி உயரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அது ஒரு புள்ளி. அந்த உயரத்தில் கண்ணைப் பிடித்து நிறுத்துவது குளங்கள். மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவில் நிலம் முழுவதும் கிழக்கு நோக்கிச் சரிகிறது. அதனால் பெரும்பாலான குளங்களுக்குக் கிழக்குப் பக்கத்தில் கரை வளைந்து அழுத்தமாகத் தெரியும். மேற்குப் பக்கத்தில் நீர் பரந்து, ஓரம் எது என்று சொல்ல முடியாதபடி வயலிலும் உடைமரக் காட்டிலும் கலந்துவிடும். இந்த வடிவம் சரியாக வந்துவிட்டால் போதும். வீடு, சாலை எதுவும் இல்லாமலே நிலம் நம் நிலமாகிவிடும். ஆகவே குளத்தை முதலில் செய்வது, மற்றவை எல்லாம் பிறகு என்று முடிவு செய்தேன்.

விளையாட்டைக் கோடோ (Godot) என்ற, விளையாட்டுகளை உருவாக்குவதற்கான இலவச இயங்குதளத்தில் எழுதுகிறேன். தரவுகளைச் சமைப்பதற்குப் பைத்தான், முப்பரிமாண மாதிரிகளுக்குப் பிளெண்டர். மூன்றுக்குமே காசு கொடுக்க வேண்டியதில்லை.

நில உயரத்துக்கான தரவும் இலவசமே. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் பூமியைச் சுற்றிவந்து ரேடார் மூலம் உயரங்களை அளந்தது. ஒரு பாகைக்கு ஒரு பாகை என்ற சதுரத்துக்கு ஒரு கோப்பு. சதுரத்தின் தென்மேற்கு மூலைதான் கோப்பின் பெயர். வடக்கு 8, கிழக்கு 77 என்ற கோப்பில் நெல்லை, அம்பாசமுத்திரம், தென்காசி, நாங்குநேரி எல்லாம் அடங்கிவிடுகின்றன. வாகைகுளம் மட்டும் 78 பாகையைச் சற்றே தாண்டி இருக்கிறது, அதற்காக அடுத்த கோப்பையும் எடுத்தாக வேண்டும். ஒவ்வொரு கோப்பிலும் 3,601 வரிசை, வரிசைக்கு 3,601 புள்ளி. ஆக ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் உயரங்கள். நம் அட்சரேகையில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே சுமார் 30 மீட்டர். 3,600 என்று இல்லாமல் 3,601 என்று இருப்பதற்குக் காரணம் உண்டு: ஒரு கோப்பின் கடைசி வரிசையும் பக்கத்துக் கோப்பின் முதல் வரிசையும் ஒன்றேதான். ஒட்டும்போது அந்த ஒரு வரிசையை ஒருமுறை மட்டும் எடுத்துக்கொண்டால் தையல் தெரியாது.

ஒவ்வொரு உயரமும் இரண்டு பைட். அதிக மதிப்புள்ள பைட் முன்னால் வரும். நம் கணினிகள் பழகியிருப்பதோ தலைகீழ் வரிசைக்கு. வரிசையை மாற்றாமல் படித்தால் 40 மீட்டர் உயரமுள்ள வயல் 10,240 மீட்டர் சிகரமாக எழுந்து நிற்கும். மலையின் செங்குத்தான மடிப்புகளில் ரேடாருக்கு எதுவும் தெரியாமல் போன இடங்களில் மைனஸ் 32,768 என்ற எண் இருக்கும். அங்கெல்லாம் சுற்றியுள்ள புள்ளிகளை வைத்து நிரப்ப வேண்டும். இடைவெளியை நிரப்பிய பதிப்பும் கிடைக்கிறது, அதை எடுப்பதே நல்லது.

இவ்வளவு புள்ளிகளையும் ஒரே நேரத்தில் வரைய என் மடிக்கணினியால் முடியாது. 3,600 என்பது 120ஆல் சரியாக வகுபடும் என்பதால், ஒரு கோப்பை 30க்கு 30 என்று 900 கட்டங்களாக வெட்டினேன். விமானத்துக்கு அருகிலுள்ள கட்டங்கள் முழு நுணுக்கத்துடன், தொலைவில் உள்ளவை நான்கு புள்ளிக்கு ஒன்று, இன்னும் தள்ளி உள்ளவை பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வரையப்படுகின்றன. நுணுக்கம் மாறும் எல்லையில் கீற்றுக் கீற்றாக வானம் தெரியும். அதை மறைக்க ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பிலும் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டால் போதும். பெரிய பெரிய தயாரிப்புகளிலும் கையாளப்படும் எளிய வழி இது.

இனி குளம். எல்லைகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்வது உரிமத்தின் நிபந்தனையும்கூட, விளையாட்டின் முதல் திரையிலேயே போட்டிருக்கிறேன். சிக்கல் உயரத்தில்தான். ரேடார் அலை நீர்ப்பரப்பில் பட்டால் சரியாகத் திரும்பி வராது. 600 மீட்டருக்கு மேல் நீளமான ஏரிகளைத் தரவு தயாரித்தவர்களே தட்டையாக்கிவிட்டார்கள். நம் சிறிய குளங்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. அதனால் ஒரே குளத்துக்குள் நிலம் சில மீட்டர் ஏறி இறங்கும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் மேடேறி நிற்கும்.

இதற்காக எழுதிய நிரல்தான் இந்த வேலையிலேயே எனக்கு அதிக நிறைவு தந்தது. குளத்தின் எல்லைக்கோடு நெடுக உயரங்களை எடுத்து, சிறியது முதல் பெரியது வரை அடுக்கி, கீழிருந்து ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் இருக்கும் உயரத்தை நீர்மட்டம் என்று கொள்கிறது. உள்ளே இருக்கும் புள்ளிகளை எல்லாம் அதற்கு ஒன்றரை மீட்டர் கீழே தள்ளுகிறது. பிறகு எல்லையின் ஒவ்வொரு துண்டிலிருந்தும் 150 மீட்டர் வெளியே போய் நிலத்தின் உயரத்தைப் பார்க்கிறது. அந்த நிலம் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால் அங்கே கரை இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் குளத்தில் நீர் நிற்காது. அந்தத் துண்டுகளை மட்டும் மூன்று மீட்டர் உயர்த்துகிறது. கரை எங்கே என்று எந்த வரைபடத்திலும் நான் குறிக்கவில்லை. குளத்துக்குக் குளம் கிழக்குப் பக்கத்தில் கரை தானாக எழுந்து, அதற்குப் பின்னால் பாசன வயல்கள் தாழ்ந்து கிடந்தன. நிலம் சரிவதைப் பார்த்துத்தான் கரை போட்டிருப்பார்கள். அந்தத் தர்க்கத்தைச் சில வரிகளில் எழுதினால் கணினியும் அதே இடத்தில் கரை போடுகிறது.

சுத்தமல்லிப் பக்கம் விவசாயம் பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் இதைக் காட்டினேன். திரையை வெகுநேரம் பார்த்தார். "கரையெல்லாம் சரி தம்பி. மறுகால் எங்கே? மறுகால் இல்லாத குளம் முதல் பெருமழைக்கே உடைந்துபோகுமே" என்று கேட்டார். மறுகால் என்பது குளம் நிறைந்ததும் மிகுதி நீர் வழிந்து வெளியேறும் இடம். பிறகு ஒரு தாளில் குளங்களை வரிசையாகப் போட்டு, இதன் மறுகால் இதில் விழும், இது நிறைந்தால் அதற்குப் போகும் என்று கோடு இழுத்துக் காட்டினார். வானத்திலிருந்து வழி தேடுபவனுக்கு அதைவிட நல்ல வரைபடம் வேறில்லை. தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களையும் அதோடு சேர்த்தேன். அரியநாயகிபுரத்தில் கோடகன் கால்வாய், பழவூரில் பாளையங்கால்வாய், சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய் என்று ஒவ்வொன்றும் ஆற்றை விட்டுப் பிரியும் இடம் வானத்திலிருந்து பார்க்க அவ்வளவு தெளிவு. ஆறு மேகத்துக்குள் மறைந்துபோனாலும் கால்வாயைப் பிடித்து மேற்கே போனால் அணைக்கட்டு வரும், அணைக்கட்டு வந்தால் ஆறு கிடைத்துவிடும். விளையாட்டின் வழிகாட்டும் முறையே இதன்மேல்தான் நிற்கிறது.

எந்த மாதத்துக் குளம் என்ற கேள்வி அடுத்து வந்தது. கார்த்திகையில் நிறைந்து கிடப்பது ஆடியில் வெடித்துக் கிடக்கும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில், ஐந்து நாளைக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கின்றன. பச்சை நிறப் பட்டையிலிருந்து அண்மை அகச்சிவப்புப் பட்டையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், நீர் இருக்கும் இடம் பளிச்சென்று பிரிந்துவிடும். வடகிழக்குப் பருவ மாதங்களில் மேகம் மறைக்கிறது என்பதால் மழை ஓய்ந்த ஜனவரிப் படத்தை நிறைந்த குளத்துக்கும், ஆகஸ்டு படத்தை வறண்ட குளத்துக்கும் எடுத்தேன். 2024 ஜனவரியை வேண்டுமென்றே தவிர்த்தேன். 2023 டிசம்பர் பெருவெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எத்தனையோ குளங்கள் உடைந்தன. அந்த வெள்ளம் விட்டுப்போன நீரை இயல்பான ஆண்டின் அளவாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. மலையிலுள்ள அணைகளுக்கு இந்தக் கவலை இல்லை. பாபநாசத்துக்கு 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி என்று முழுக் கொள்ளளவு மட்டம் நாளிதழ் படிக்கும் எல்லோருக்கும் மனப்பாடம்; மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே அணை மட்டத்தையும் அடிக்கணக்கில் மாற்றிக்கொள்ள ஒரு நகர்த்தி வைத்தேன்.

நிரல் எழுதுவோருக்கு ஒரு குறிப்பு. விளையாட்டின் மையப்புள்ளி நெல்லை வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. பொதிகை அங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தொலைவில் கணினி இடங்களைக் குறித்து வைக்கும் ஒற்றைத் துல்லிய (32 பிட்) தசம எண்ணின் மிகச் சிறிய படி ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. நிலத்துக்கு அது ஒன்றுமில்லை. விமானி அறைக்குள் முகத்துக்கு முன்னால் இருக்கும் கருவிகள் நடுங்கத் தொடங்கிவிடும். விமானம் மையத்திலிருந்து 4 கிலோமீட்டர் விலகும் ஒவ்வொரு முறையும் உலகம் முழுவதையும் பின்னால் நகர்த்தி, விமானத்தை மீண்டும் மையத்தில் வைத்துவிடுகிறேன். பறப்பவருக்கு இது தெரியாது.

விமானத்துக்கு செஸ்னா 172எஸ் எண்களை எடுத்துக்கொண்டேன். அதிகபட்ச எடை 1,157 கிலோ, இறக்கைப் பரப்பு 16.2 சதுர மீட்டர், இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகளை (flaps) இறக்காத நிலையில் 53 நாட் வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். இந்த மூன்றையும் ஏற்றவிசைச் சூத்திரத்தில் போட்டால் ஏற்றக் குணகத்தின் உச்சம், அதாவது இறக்கையின் தூக்கும் திறனைக் காட்டும் எண்ணின் உச்சம், 1.5 பக்கம் வருகிறது. காற்றின் அடர்த்தியை வெப்பத்தோடு மாறும்படி வைத்தேன், நம் ஊருக்கு இது அவசியம். 38 பாகை வெயிலில் கடல்மட்டக் காற்றே சுமார் 2,700 அடி உயரத்துக் காற்றைப் போல் மெலிந்திருக்கும். சித்திரை மதியத்தில் எழும்பினால் விமானம் ஓடுபாதையில் கூடுதல் தூரம் ஓடுகிறது, ஏறுவதும் மந்தமாக இருக்கிறது. மார்கழி விடியலில் அதே விமானம் வேறு விமானம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஆடிக்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் ஏறி, இந்தப் பக்கம் இறங்குகிறது. விளையாட்டில் இதை மிக எளிய கணக்கில் கொண்டுவந்தேன்: காற்றின் வேகத்தை, அது வீசும் திசையில் நிலத்தின் சரிவால் பெருக்கினால் செங்குத்துக் காற்று கிடைக்கும், உயரம் கூடக்கூட அதைக் குறைத்துக்கொண்டே போகலாம். உண்மையான மலையலைகள் இதைவிடச் சிக்கலானவை என்றாலும் இந்தக் கணக்கே பாடம் நடத்துகிறது. காற்று நொடிக்கு 15 மீட்டர், சரிவு பத்துக்கு மூன்று என்று வையுங்கள், நொடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் காற்று கீழே இறங்குகிறது. இந்த செஸ்னா கடல்மட்டத்திலேயே நிமிடத்துக்கு 730 அடிதான் ஏறும், அதாவது நொடிக்கு 3.7 மீட்டர். முழு விசை கொடுத்து மூக்கைத் தூக்கி வைத்தாலும் விமானம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பாபநாசத்தைத் தாண்டி காரையாறு அணையைப் பார்க்க ஆடி மாதத்தில் நேராகப் போகிறவர் இதைச் சந்திப்பார். சமவெளியிலேயே போதிய உயரம் எடுத்துக்கொண்டு, மலைமுகட்டை நேருக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் 45 பாகைக் கோணத்தில் அணுக வேண்டும். அப்போதுதான் இறங்கத் தொடங்கியதும் பாதி திருப்பத்திலேயே சமவெளிக்குத் தப்பி வரலாம். மலைப்பகுதியில் பறக்கப் பயிற்சி பெறும் உண்மையான விமானிகளுக்கும் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். 1,868 மீட்டர் பொதிகை கண்ணெதிரே நிற்க, உயரமானி சரிந்துகொண்டே வரும்போது அந்தப் பாடம் நன்றாகப் பதிகிறது.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பறப்பவருக்கு எப்படித் தெரியும்? காற்றாலைகள் சொல்லும். பணகுடி, கயத்தாறு, ஆரல்வாய்மொழிக் கணவாய் என்று சுற்றிலும் அவைதானே. ஒவ்வொரு காற்றாலையின் இடமும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் புள்ளியாக இருக்கிறது. பிளெண்டரில் இரண்டு மாதிரி செய்தேன்: 27 மீட்டர் சுழலி கொண்ட பழைய 225 கிலோவாட் வகை ஒன்று, 88 மீட்டர் சுழலி கொண்ட 2.1 மெகாவாட் வகை ஒன்று. பெரியது நிமிடத்துக்குப் பதினைந்து, பதினாறு சுற்றுதான் சுற்றும், சின்னது நாற்பதைத் தாண்டும். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் காற்றாலைத் தோப்பு பொம்மைக் கடை ஆகிவிடும். இறகுகளைக் கணினியின் வரைகலைச் செயலியே சுழற்றுகிறது. ஒவ்வொன்றுக்கும் தொடக்கக் கோணம் வேறு, முகம் மட்டும் அந்தந்த இடத்துக் காற்றை நோக்கித் திரும்பும். மேலே இருந்து பார்த்தால், நூற்றுக்கணக்கான சுழலிகள் ஒரே திசையைப் பார்த்து நிற்கும் காட்சி ஒன்றே காற்றின் திசையைச் சொல்லிவிடுகிறது.

பனை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விளையாட்டு இயங்குதளங்களோடு இலவசமாகக் கிடைக்கும் மரத் தொகுப்புகளில் தென்னை இருக்கும், ஊசியிலை மரம் இருக்கும், பனை இருக்காது. தென்னையை நட்டால் திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் மேடான தேரிக்காடு கடற்கரை விடுதி ஆகிவிடுகிறது. பனைக்கு உடல் நிமிர்ந்து கருத்திருக்க வேண்டும், தலை உருண்டு விறைத்திருக்க வேண்டும், கீழே காய்ந்த மட்டைகள் தொங்க வேண்டும். ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு தாள்களில் படம் ஒட்டினால் தொலைவுக்குப் போதும். தாழப் பறந்தால் மட்டும் தலைப்பகுதிக்கு முழு மாதிரி வரும். தேரியின் செம்மண் நிறத்தைச் செயற்கைக்கோள் படத்திலிருந்தே எடுத்தேன், கையால் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

கட்டடங்களைச் சுருக்கமாகவே செய்தேன். 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்துக்கு 11 வளைவுகள். ஆற்றைப் பிடித்து வருபவர் தாழ இறங்கினால் எண்ணிப் பார்க்கலாம். நெல்லைச் சந்திப்பில் 1973இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழடுக்கு நிழலில் கிடக்கும் என்பதால் விளக்கொளியைத் தனியாகக் கணக்கிட வேண்டியிருந்தது. நெல்லையப்பர் கோயிலுக்குச் சுற்றுமதிலும் கோபுரங்களும் ரத வீதிகளும் போதும். சிற்பம் செதுக்கும் ஆசையை அடக்கிக்கொண்டேன், வானத்திலிருந்து கோயிலை அடையாளம் காட்டுவது அதைச் சுற்றி ஓடும் நான்கு வீதிகளின் சதுரம்தான். விஜயநாராயணத்துக் கடற்படை நிலையத்தையும் மகேந்திரகிரி விண்வெளி வளாகத்தையும் வெறும் நிலமாகவே விட்டிருக்கிறேன். பாதுகாப்பு சார்ந்த இடங்களை அளந்து வைப்பது விளையாட்டு எழுதுபவனின் வேலை அல்ல.

கடைசியாக ஓடுபாதை. 2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. உயரத் தரவோ 2000ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நீட்டிய பகுதி அதில் வெறும் காடு. ஓடுபாதையின் நடுக்கோட்டில் இருக்கும் உயரங்களுக்குப் பொருந்தும் நேர்கோடு ஒன்றைக் கண்டுபிடித்து, அந்தச் சரிவிலேயே 45 மீட்டர் அகலத்துக்கு நிலத்தைச் சமன் செய்து, இரு பக்கமும் பழைய நிலத்தோடு இழைத்துவிட்டேன். மேற்குக் காற்றுக் காலத்தில் 28 என்ற எண் எழுதிய முனையில் இறங்க வேண்டும். கடல் பக்கமிருந்து திரும்பி வரும்போது உப்பளங்களின் வெள்ளைக் கட்டங்கள் முதலில் தெரியும்.

இப்போது வடக்கு 9, கிழக்கு 77 கோப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். சங்கரன்கோவிலும் புளியங்குடியும் அதில் வருகின்றன. அந்தப் பக்கத்துக் குளங்களுக்குத் தாமிரபரணிக் கால்வாய் கிடையாது; மழையையும் மலை ஓடைகளையும் நம்பியவை. மறுகால் தொடர்களை அங்கே விவசாயம் செய்பவர்களிடம் கேட்டுத்தான் வரைய வேண்டும். வாசுதேவநல்லூர், சிவகிரிப் பக்கம் அப்படிக் கோடு போட்டுக் காட்டக்கூடியவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.